புளி போட்டுத் தேய்த்த காசுகள்

“இது இன்னா காசு? நம்ம காசு மாதிரி இல்லியே.”

“டச்சுக்காரன் காசு. எங்க நைனா வலையில சேத்தோட சேந்து வந்துது. ஒரே நாள்ல இல்ல, மழ பெஞ்சு ஓஞ்சா ஒண்ணு ரெண்டு வரும். சேத்து வெச்சாரு.”

“வெல போவுமா?”

“பின்ன? எந்தக் காலத்துக் காசு தெரியுமா? ஒருநாள் இத்த எடுத்துக்கினு போயி காட்டுனா தெரியும், நீ எவ்ளோ பெரிய எடத்துல வாக்கப்பட்டிருக்கன்னு.”

கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த மாமியார் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து நர்மதாவும் ஹேமநாத்தும் பேசிக்கொண்டது இது. குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாவற்றையும் அவள் தேய்த்துக் கவிழ்த்து முடித்திருந்தாள். அவன் பூஜை மாடத்திலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்து அவள் மடியில் கொட்டினான். கறுத்துப் போன செப்புக் காசுகள், ஒரு கைப்பிடி அளவு. கிண்ணத்தில் புளி மிச்சம் இருந்தது. அவன் சொல்லாமலே அவள் அதை எடுத்து ஒவ்வொரு காசாகத் தேய்த்தாள். கழுவி வெயிலில் பரப்பியபோது புதுச் செம்பு போல அவை பளபளத்தன.

மாமியார் அங்காளம்மாள் வந்து பார்த்தாள். தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, புது மருமகள் கை பட்டதும் காசு சிரிக்கிறது பார் என்றாள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அடுத்த வருடமும் தேய்த்தாள், அதற்கடுத்த வருடமும். கும்மிடிப்பூண்டியில் வாடகை வீடு பிடித்து அவர்கள் வந்தபோது காசு டப்பாவும் கூட வந்தது. பிறகு ஆடி வெள்ளிக்கும் தேய்க்க ஆரம்பித்தாள்.

இன்று அந்த டப்பா அவள் கைப்பையில் இருந்தது. திருவள்ளூர் போகும் பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குழியில் பஸ் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நர்மதா துப்பட்டாவை எடுத்து டப்பாவைச் சுற்றினாள். ஹேமநாத்திடம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். காசைப் பற்றிச் சொல்லவில்லை.

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் அவர்கள் பழக்கம் ஆரம்பித்தது. அவள் பேக்கிங் பிரிவு, அவன் மெஷின் பிரிவு. பஸ்ஸில் அவளுக்கு எப்போதும் ஜன்னல் சீட் பிடித்து வைப்பான். அதன் மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருது என்பான். ஆர்.கே.பேட்டையில் நெல் வயலும் கிணறுமாக இருந்த அவள் அப்பா பரசுராமன், மீன்காரன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார். பெண் தானே போனாள். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. அதனால் என்ன குறை இருந்தாலும் அதைப் பிறந்த வீட்டில் போய்ச் சொல்லும் வழி அவளுக்கு இல்லை. சொல்லும்படியான குறையும் இல்லை, ஒன்றைத் தவிர.

குழந்தை இல்லை.

திருவள்ளூர் டாக்டரம்மாவிடம் அவள் போக ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. ரத்தம், ஸ்கேன், வேறு என்னென்னவோ பார்த்தார்கள். முதல் மாதமே எல்லாம் பார்த்துவிட்டு, உன்னிடம் குறை எதுவும் இல்லை, அடுத்த முறை அவரைக் கூட்டி வா, அவருக்கும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து ஹேமநாத்திடம் அவள் அதில் பாதியைத்தான் சொன்னாள். அடுத்த தடவை இரண்டு பேரும் வரணுமாம் என்றாள். அவன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“இங்க வேணாம் நர்மு. அந்த டச்சுக் காச ஒரு நல்ல ஆளா பாத்துக் குடுத்துட்டு, மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கே போவலாம். ரெண்டு பேரும் ஒண்ணா போவலாம்.”

அப்போது அவளுக்கு அது அன்பாகத்தான் இருந்தது. அன்பு இல்லை என்று இப்போதும் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அவள் எப்போது வாயெடுத்தாலும் நடுவில் அந்தப் பவுடர் டப்பா வந்து நின்றது. காசுக்கு இன்னும் ஆள் அமையவில்லை என்பான். அவசரப்பட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்பான். அவன் எந்த ஆளையும் தேடியதாகத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் ஒருவர் பழங்காசு வாங்கும் கடை திருவள்ளூரிலேயே இருக்கிறது என்று விலாசம் சொன்னபோதும், பார்க்கலாம் என்று பேச்சை மாற்றினான். பக்கத்தில் நின்றிருந்த நர்மதா அந்த விலாசத்தை மனதில் வைத்துக்கொண்டாள்.

இன்று விலை தெரிந்துவிடும். நல்ல விலை என்றால் சென்னைக்குப் போக நாள் குறிக்கச் சொல்லலாம். அவன் மறுக்க முடியாது. அவள் யோசித்தது அவ்வளவுதான். நல்ல விலை இல்லை என்றால் என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். பெரும்பாலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். கணவன்மார்கள் போனைப் பார்த்துக்கொண்டும் காலை ஆட்டிக்கொண்டும் இருந்தாலும், உட்கார்ந்திருந்தார்கள். நர்மதா முறை வந்து உள்ளே போனதும் டாக்டரம்மா அவளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“அவர் வரலையா?”

“ஷிப்ட்டு மேடம்.”

“போன தடவையும் ஷிப்ட்டு.” டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “உனக்கு மாத்திரை எழுதிக் குடுக்க எனக்கே ஒரு மாதிரி இருக்குதும்மா. எதுக்குன்னு எழுதுறது? சின்ன டெஸ்ட்டு. ஊசி கூட இல்ல. குறையே இருந்தாலும் மருந்து இருக்கு. பாக்காம இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறேன் என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான், எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று தோன்றியது.

காசுக் கடை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர் சாலமோன் வழுக்கைத் தலையும் பெரிய கண்ணாடியுமாக, கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, யூடியூப் பார்த்து வந்தீர்களா என்று கேட்டார். தினம் நாலு பேர் வீட்டிலிருக்கும் ஐந்து பைசாவை எடுத்துக்கொண்டு வந்து லட்சம் கேட்கிறார்கள், நேற்று வந்தவர் கார் பார்க் பண்ண இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் மாடி ஏறினார் என்றார். நர்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பட்டாவைப் பிரித்து டப்பாவை மேஜை மேல் வைத்தாள்.

அவர் ஒரு துணியை விரித்துக் காசுகளைக் கொட்டினார். உடனே முகம் மாறியது. பூதக்கண்ணாடியை எடுத்தார், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு காசை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

“புளியா, எலுமிச்சம்பழமா?”

அவளுக்குப் புரியவில்லை.

“இன்னாத்தப் போட்டுத் தேச்சீங்கன்னு கேக்குறேன்.”

“புளி சார்,” என்றாள். “எங்க மாமனார் வலையில வந்துது. சாமி மாடத்துல வெக்கிறது. பண்டிகைக்குத் தேச்சுடுவோம்.”

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. எழுந்து போய் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே ஒரே அளவில், அதே மாதிரிக் காசு ஒன்று. ஆனால் கறுப்பு. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டியபோது, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய மூன்று எழுத்துகளும் கீழே வருடமும் மை தொட்டு எழுதியது போலத் தெரிந்தன. அவள் கொண்டு வந்த காசில் அதே இடம் வழவழவென்று இருந்தது.

“இந்தக் கறுப்பு இருக்குதே, இது அழுக்கு இல்லம்மா. காசோட தோலு. இத்தனை வருசம் தண்ணியில கெடந்து அதுவா போட்டுக்கினது. வாங்குறவங்க இதுக்குத்தான் காசு குடுப்பாங்க. நீங்க தோல உரிச்சிட்டீங்க.”

“இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா சார்?”

“தேச்சது தேச்சதுதான். இதுல ஒண்ணு ரெண்டு அபூர்வமானதா இருந்திருக்கலாம். எல்லாமே சாதாரணமாவும் இருந்திருக்கலாம். எழுத்தே போயிட்ட பிறகு நான் எத்தப் பாத்துச் சொல்றது? இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

செம்பு விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மாமனார் வலையில் வந்தது என்கிறீர்கள், கொடுக்காதீர்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காசுகளை அவரே டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தார். அவள் படியிறங்கத் திரும்பியபோது, இது ஒரு தடவை தேய்த்தது இல்லை, பல வருடத் தேய்ப்பு, யார் இவ்வளவு சிரத்தையாகத் தேய்த்தது என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள் நர்மதா.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கறுப்புக் காசே கண்ணில் நின்றது. முதல் வருடம் அவன் மடியில் கொட்டியபோது அவையும் அப்படித்தானே கறுப்பாக இருந்தன? எழுத்து தெரிந்ததா? எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. அவள் அப்போது எழுத்தைப் பார்க்கவில்லை. அழுக்கைத்தான் பார்த்தாள். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம்.

போன் அடித்தது. ஹேமநாத்.

“எங்க கீற?”

“பஸ்ல. நீ இன்னா, வேலைக்குப் போவலியா?”

“மிஷின் ரிப்பேரு, சீக்கிரம் அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமையாச்சே, வெளக்கு ஏத்தலாம்னு பாத்தன்.” மாடத்தில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. “காசு டப்பா எங்க?”

“எங்கிட்டதான் இருக்குது. வந்து சொல்றன்.”

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சரி, பார்த்து வா என்று சொல்லி வைத்துவிட்டான். கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது. கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை அவன். வாயை மூடிக்கொண்டு பைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளால் ஆகாது.

பெரியபாளையத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக ஜனங்கள் ரோட்டைக் கடந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போன ஆடியில் அங்காளம்மாள் அவளை இங்கேதான் கூட்டி வந்து தொட்டில் கட்ட வைத்தாள். கட்டிவிட்டு வரும்போது, டாக்டர் என்னதான் சொல்கிறார் என்று மாமியார் மெதுவாகக் கேட்டாள். நர்மதா யோசிக்காமல், எனக்குத்தான் அத்தை, தைராய்டு என்று சொல்லிவிட்டாள். தன் வாயிலிருந்து அது ஏன் வந்தது என்று அன்று அவளுக்கே தெரியவில்லை. கிழவியும் அவள் தலையைத் தடவி, சரியாப் போயிடும் கண்ணு என்றாள். அந்தத் தடவலை நினைத்து எத்தனையோ நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை இல்லாததற்கும் அவள், இப்போது காசு போனதற்கும் அவள். இரண்டாவதாவது உண்மை என்று நினைத்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

என்ன சொல்வது என்று கவரைப்பேட்டை வரை ஒத்திகை பார்த்தாள். கடைக்காரர் ஊரில் இல்லை எனலாம். விலை ஏறுமாம், இன்னும் கொஞ்சநாள் வைத்திருக்கச் சொன்னார் எனலாம். அதைச் சொன்னால் அவன் சந்தோஷப்படுவான் என்று தெரிந்ததும் மனது நின்றது. சந்தோஷப்படுவான். டப்பா மறுபடி மாடத்துக்குப் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி தனியாகப் போய் ஷிப்ட்டு மேடம் என்பாள்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வெளியே பைக் நின்றது. அதை யாரும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் ஹேமநாத் முக்காலி போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பினாள் என்றான். உள்ளே குக்கர் விசில் போட்டது. அவள் கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் அவன் முன்னால் நின்றாள்.

“காச எடுத்துக்கினு போயி காட்டிட்டன், மாமா.”

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். மாடிக்கடை, முகர்ந்து பார்த்தது, உறைக்குள் இருந்த கறுப்புக் காசு, தோலை உரித்துவிட்டீர்கள் என்றது. கடைசியில், நான் கை வைக்காமல் இருந்திருந்தால் விலை போயிருக்கும், நான்தான் பாழாக்கிட்டேன் என்று சொல்லி நிறுத்தினாள்.

ஹேமநாத் அவளையே பார்த்தான். பிறகு தோளை மேலே தூக்கிக் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகிறானோ என்று அவள் பயந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீயா? நீ வந்து ஆறு வருசம் ஆவுது. நான் அர டவுசர் போட்ட காலத்துலர்ந்து தேச்சுக்கினு இருக்கேன். ஆயுத பூஜை வந்தா காசு தேய்க்கிறது என் வேல. புளி பத்தாதுன்னு ஏரி மணலப் போட்டுத் தேய்ப்பேன். நல்லா மின்னுனா நைனா மிட்டாய்க்கு டப்பு குடுப்பாரு.”

“அப்ப அன்னிக்கு அவ்ளோ கறுப்பா இருந்துதே?”

“உப்புக் காத்துல ஒரு வருசம் வெச்சா கறுக்காதா? எழுத்தெல்லாம் எப்பவோ நான் தின்னுட்டேன்டி. நீ பேஜாராவாத. உம் மேல ஒண்ணும் இல்ல.”

நர்மதா குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் பஸ்ஸில் சுமந்து வந்ததை அவன் ஒரு நொடியில் வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டான். உம் மேல ஒண்ணும் இல்ல. இதையேதான் மூன்று வருடத்துக்கு முன்னால் டாக்டரம்மாவும் சொன்னார். அதை அவள் இவனிடம் கொண்டு வந்து சேர்க்கவே இல்லை.

அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய டப்பாவை வாங்கி அவன் ஓரமாக வைத்தான். திரும்ப இறாலை எடுத்தான். தலையைக் கிள்ளினான், ஓட்டைக் கழற்றினான், நடுவிலிருந்த கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்தான். விரல்கள் வேகமாகப் போயின. ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. அவன் எதையோ அவசரமாகத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் அவளுக்குப் பிடித்து வைத்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் இப்படித்தான் அவன் கண் அலையும்.

“போவட்டும் வுடு,” என்றான். “அம்மா ஊட்டுல நைனாவோட பழைய படகு இஞ்சின் ஒண்ணு சும்மாதான் கெடக்குது. பொங்கல் கழிச்சு அத்த ஒரு ஆளப் பாத்துக் குடுத்துட்டு, மெட்ராஸ்ல...”

அவன் முடிக்கவில்லை. காசு போன அன்றைக்கே இஞ்சின் வந்துவிட்டது. இஞ்சினுக்கும் ஆள் அமையாது. அதை அவள் கோபமில்லாமல்தான் நினைத்தாள். குனிந்திருந்த அவன் பிடரியில் வியர்வை அரும்பியிருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு காசுக் கடை மாடிக்கு ஏறியபோது தன் பிடரியும் இப்படித்தான் நனைந்திருந்தது என்று தோன்றியது. யாராவது கையிலெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இவனுக்கு அது மூன்று வருடமாக இருக்கிறது. அதை இவன் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

அவள் திண்டை விட்டு இறங்கி, அவனுக்கு எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். முறத்திலிருந்து ஒரு இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நெல் வயல்காரிக்கு இறால் உரிக்க எங்கே தெரியும் என்று அவன் எப்போதும் கேலி செய்வான். இன்று செய்யவில்லை. இரண்டு பேர் கையும் ஒரே முறத்துக்குள் போய்ப் போய் வந்தன. குக்கர் இன்னொரு விசில் போட்டு அடங்கியது.

“மாமா.”

“ம்.”

“டாக்டரம்மா எங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்லி மூணு வருசம் ஆவுது. உங்கிட்ட நான் சொல்லல.”

அவன் உரிப்பதை நிறுத்தினான். இந்த முறை அவளைப் பார்த்தான். அவள் ஈரக் கையை நீட்டி, இறால் ஓடும் உப்புமாக இருந்த அவன் கையைப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

“இஞ்சின் கெடக்கட்டும். மெட்ராஸ் கெடக்கட்டும். வர்ற வெள்ளிக்கெழம என்கூட திருவள்ளூர் வா, மாமா. நீயும் ஒரு தபா டெஸ்ட்டு எடுத்துக்கோ.”